மதிலோடு கதைக்கிறவள்

யூன் 8, திங்கள்

விடியவே சோளகக் காற்று. கொடியில் உடுப்பு நிற்காது. கவ்வி போட்டும் இரண்டு சட்டை மதிலுக்கு அப்பால்.

அடுத்த திங்கள் கொழும்பில் ஆங்கிலப் பேச்சுச் சோதனை. போன தடவை பெயில். இந்தத் தடவையும் என்றால் லண்டன் விசா இன்னும் பின்னுக்குப் போகும். கலியாணம் முடித்து அன்ரனோடு இருந்தது அவருடைய ஒரு லீவுக் காலம் மட்டும். மிச்சமெல்லாம் போனில்.

நெடுந்தீவில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. போனில் ஓர் ஆப். அது கேள்வி கேட்கும், நான் பதில் சொல்ல, பச்சையில் ‘மிகச் சிறப்பு’ என்று விழும். சிக்னல் குசினிக்குப் பின்னால், கல்மதிலுக்கு மேல்தான். அங்கே நின்று கத்தினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். முன்வீட்டு அக்கா அம்மாவிடம்: "பிள்ளை மதிலோடை கதைக்குது, ஒருக்கா என்னெண்டு பாருங்கோ."

வாங்க: படகுக்கு வாந்திக் குளிசை, டேட்டா. பாஸ்போர்ட் அலுமாரியில். இரண்டு தரம் திறந்து பார்த்தாயிற்று.

யூன் 9, செவ்வாய்

மத்தியானம். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆப் கேட்டது. வாய் திறக்கக் கோயில் மணி. அம்மா குசினிக்குள் மூவேளைச் செபத்தைத் தொடங்கினார். மணி அடித்தால் கைவேலையை விட்டுவிட்டுச் செபம் சொல்வது இந்த வீட்டுப் பழக்கம். நானும் சொன்னேன், முழுவதும், தமிழில். சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பினால் போனில் பச்சை. மிகச் சிறப்பு. உங்கள் ஆங்கில உச்சரிப்பு நன்றாக முன்னேறுகிறது.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செபத்துக்கும் பச்சை என்றால், இத்தனை மாதமும் விழுந்த பச்சைக்கு என்ன பெறுமதி? சோறு இறங்கவில்லை.

பின்னேரம் அன்ரன் எடுத்தார். "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

"நீங்கள் என்னோடை இங்கிலீசிலை கதையுங்கோவன்."

"நானே இஞ்சை கடையிலை தலையாட்டித்தான் காலம் தள்ளுறன்."

கோபம். அவர் மேலா, போன் மேலா தெரியவில்லை.

யூன் 11, வியாழன்

தம்பி ரெஜி ஓட்டோவில் ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறவன். வாசலில் நின்று ஹோன் அடித்தான். "அக்கா, சிங்கள ஆக்கள், எங்கடை காட்டுக் குதிரை பாக்க வந்தவை. நீ வந்து இங்கிலீசிலை கதை."

"எனக்கு ஏலாது."

"அப்ப லண்டனிலை என்ன செய்யப் போறாய்?"

போனேன். என் வயதுப் பெண், தெற்கே காலியில் இருந்து வந்தவள். இந்தக் குதிரைகள் யாருடையவை என்று கேட்டாள். யாருக்கும் சொந்தமில்லை, வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் செத்துப்போகும் என்றேன். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். மறுபடியும் விளங்கவில்லை. வெட்கத்தில் ஓடிவிடலாம் போலிருந்தது. வேறு சொற்களைப் போட்டு, வெறும் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னேன். "ஐயோ" என்றாள். விளங்கிவிட்டது!

போன் ஒருநாளும் ‘விளங்கவில்லை’ என்று சொன்னதில்லை. இவள் சொன்னாள், சொல்லிவிட்டுக் காத்தும் இருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை.

யூன் 12, வெள்ளி

காற்று இன்னும் கூட. படகு ஓடவில்லை. ரெஜி: "நாளைக்கும் இப்பிடியெண்டால் ஒண்டும் சொல்லேலாது." நாளை கடல் கடக்காவிட்டால் சோதனை போச்சு. அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறார். நான் மதில் பக்கம் போகவில்லை.

யூன் 13, சனி

படகு ஓடியது. குறிகட்டுவான் இறங்குதுறை வரை வாந்தி. குளிசை வீட்டில்.

யூன் 15, திங்கள்

முடிந்தது. வெளியே மர நிழலில் இருந்து எழுதுகிறேன்.

முதல் கேள்வி: இங்கே எப்படி வந்தீர்கள்? ஆப்பில் பாடமாக்கிய பதில், ரயிலில் வந்தேன், பயணம் சுகமாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. ரயிலில் நான் ஏறியதே இல்லை. என்ன துணிவோ, படகு, காற்று, வாந்தி என்று உள்ளதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். சோதிக்கிற பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். விளங்கவில்லை என்றார். போன தடவை இந்த இடத்தில்தான் வாயடைத்துப்போய் அழுதேன்.

முடிவு வரச் சில நாள் எடுக்குமாம். இப்போதுதான் அன்ரன் எடுத்தார்.

"எப்பிடியப்பா?"

"அவவுக்கு விளங்கேல்லை."

அவர் மெதுவாக, "நீர் என்ன செய்தனீர்?"

"திருப்பிச் சொன்னனான்."