அண்ணன் கொடுத்த கருப்பு மருந்து

1958, ஐப்பசி 12
விடாத தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்பு ஓடவில்லை, இவருக்கு ஏலக்காய்த் தோட்டத்து வேலை இல்லை. அரிசி புடைக்கணும்.

இவருடைய மருந்து தீர்ந்துபோயிற்று. அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போயிருக்கிறார், அவருடைய மருந்துக்கடை பூட்டு. பரவாயில்லை. வயிற்றுக்கடுப்புக்கென்று மலையில் தின்னத் தொடங்கிய அபின் இவரை எழவிடாமல் போட்டபோது, அண்ணன் கலக்கிக் கொடுத்த அந்தக் கருப்பு மருந்துதான் மீட்டது. சித்திரைக்குப் பிறகு அபினைத் தொட்டதே இல்லை. இரண்டு நாள் மருந்தில்லாவிட்டால் என்ன.

ஐப்பசி 13
மழை. காலையிலிருந்து இவருக்குக் கொட்டாவி, மூக்கொழுகல். சளி என்று கசாயம் வைத்தேன். மதியம் வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், உடம்பெல்லாம் புல்லரிப்பு.

“அதே வலிதாண்டி. அபின் இல்லாத நாள்ல வருமே, அதேதான்.”

திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். சட்டைப் பையெல்லாம் துழாவினேன். ஒன்றும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி 14
அண்ணன் வந்துவிட்டார். ஓடிப்போய் மருந்து வாங்கி வந்து ஒரு கரண்டி கொடுத்தேன். சோறு வடிப்பதற்குள் வலி போய் எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார்கூட. அபின் தின்ற நாளில்தான் இப்படி எழுந்து உட்காருவார்.

சாயங்காலம் கடையில் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அபின்தான் தாயி. கருப்பட்டிப் பாகுல கரைச்சது. வேற எதுக்கு அந்த வலி அடங்கும்? ஒம் புருசன் எந்திரிச்சு சோலிக்குப் போறாருல்ல?”

“எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே.”

“சொன்னா குடிப்பாரா?”

கொஞ்சங்கொஞ்சமாய்க் குறைத்தீர்களா என்றேன். இல்லை. இதைக் குடித்து யாராவது விட்டிருக்கிறார்களா என்றேன். எத்தனையோ பேர் என்றார், மருந்து வாங்க வராமல் நின்றவர்கள் எல்லாம் குணமானவர்கள்தானாம். குணமானவர் என்று மலையில் குரங்கணிக்காரர் ஒருவரைத்தான் எப்போதும் சொல்வார். அவரைப் போய்ப் பார்த்தீர்களா என்றேன். அப்பா போனபின் என்னை வளர்த்த அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி 16
மழை வெறித்திருந்தது. குரங்கணி போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க வெயில் ஏறிவிட்டது.

அவர் இல்லை. ஆடியில் இறந்துவிட்டார். அவர் சம்சாரம் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தது. மருந்து வாங்கக் கீழே இறங்க முடியாமல் போனதும் வலி தாங்காமல் அபினுக்கே திரும்பினாராம். ஒரு நாள் அதிகமாகத் தின்று, எழவில்லை.

“ஒங்க அண்ணன் ஒரு தடவ வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

மோர் கொடுத்தது. குடிக்க முடியவில்லை.

ஐப்பசி 18
பஸ்சில் மதுரை, பெரிய ஆஸ்பத்திரி. இவரும் வந்தார். கூட்டம். முழங்கால் வலிக்க நின்றோம்.

டாக்டர் சின்ன வயசு. பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, அபினையே அளந்து கொடுத்துக் குறைப்பதும் ஒரு வழிதான் என்றார். ஆனால் இதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குணமாகிவிடுமா என்றேன். நிச்சயமாகச் சொல்லமாட்டேன் என்றார். இங்கிருந்து போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்க்க இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்களாம். இவ்வளவு நாளில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள். அவரை நம்பினேன்.

படுக்கை தீபாவளி கழித்துத்தான். அதுவரை சட்டென்று நிறுத்தக் கூடாது, அளவும் கூடக் கூடாது.

திரும்பும்போது ஆண்டிபட்டி தாண்டியதும் இவர் சொன்னார். “விட்டுட்டேன் விட்டுட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.”

ஐப்பசி 20
மூட்டம். உளுந்து ஊறப்போட்டேன். மதினி வந்தாள். அண்ணன் அனுப்பிய தீபாவளிச் சேலை, அதன்மேல் ஒரு பாட்டில். அண்ணன் மூன்று நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பாட்டிலை எடுத்துக்கொண்டேன். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதினி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

இவரைக் கூப்பிட்டு, இதில் இருப்பது அபின் என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியில் ஊற்றினேன்.

“தெரியும், ஊத்து” என்றார்.