கைப்பிடி மேலே இருந்தது

நவம்பர் 10, திங்கள்

விடியப் பெருங்காற்று. மழை கொஞ்சம். வாழை இரண்டு சரிந்தது. ரோட்டில் இருந்து எங்கள் வீடுகளுக்குத் திரும்புகிற ஒழுங்கையின் முகப்பில் பனை மட்டை விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் கரண்ட் இல்லை. ரோட்டில் இருந்தது.

கம்பி கட்ட வந்த ஜெகனுக்குக் கரண்ட் அடித்தது. ஏணியில் இருந்து விழுந்தான். உயிர் இருக்கிறது. கிளிநொச்சி ஆசுபத்திரியில். ஜெகன் வாய்க்கால் கரை வீட்டுப் பெடியன், கரண்ட் கந்தோரில் வேலை. என்னைப் பெரியப்பா என்பான். சொந்தம் இல்லை, பழக்கம்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

வேறு. இது இந்தக் கொப்பியில் பதினோராம் பக்கம். போன தைப்பொங்கலுக்கு என் பெயரையே எழுதத் தெரியாத ஆள் நான். வயது எழுபத்து நாலு. இப்போது ழ வந்துவிட்டது. மழை, வாழை, உழவு, பழம். எழுதிப் பார்க்கச் சந்தோஷம். பாக்கியம் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை நோகிறது. இனிப் பா. என்றால் என் மனைவி.

கொப்பி உமி மூட்டைக்குள். வயரும் அதற்குள்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். நித்திரை இல்லை. எழுதிவிடுகிறேன். யாருக்கும் காட்டப் போவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன், வாழைக்குத் தண்ணீர் இறைக்க ஜெனரேற்றர் வாங்கினேன். வயரிங் செய்தவர் விறாந்தைச் சுவரில் ஒரு பெட்டி பூட்டினார். மாற்றுச் சுவிச். கைப்பிடி மேலே என்றால் ரோட்டுக் கரண்ட். கீழே என்றால் மிசின் கரண்ட். நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு கரண்டும் ஒருநாளும் சந்திக்காது. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவில் இருக்கிறது. "ஐயா, மிசின் போடமுதல் இதை இறக்குங்கோ. இறக்காட்டி உங்கட கரண்ட் ரோட்டுக் கம்பியில ஏறும். கம்பத்தில நிக்கிறவன் சாவான்."

ஓம் என்றேன்.

ஆனால் கைப்பிடியை இறக்கினால் எனக்கு மட்டும்தான் வெளிச்சம்.

சண்டைக் காலம் முழுக்க இங்கே கரண்ட் இல்லை. எங்கேயாவது கம்பத்தில் கம்பி இருந்தால் அது காகத்துக்கு. அல்லது உடுப்புக் காயப்போட. இந்தப் பக்கத்தில் மண்ணெண்ணெய் மிசின் வைத்திருந்தவன் நான். ஏழு வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். மிசின் இருந்தும் தன் வீட்டுக்கு மட்டும் லைற் போடுகிறவனை அந்த நாளில் மனுசனாக மதிக்கமாட்டார்கள். கம்பி என்றால் செத்தது, நான் கொடுத்தால் உயிர் வரும். அந்த நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே ஒரு வயர் செய்து வைத்தேன். இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனை மிசினில், மற்றது குசினிச் சுவரில். கைப்பிடி மேலே இருந்தபடி. கரண்ட் என் வீட்டுக்குள் வந்து திரும்ப வெளியே போய் ஒழுங்கைக் கம்பியில் ஏறும். ஊர் முழுக்கக் கரண்ட் நின்றால் மிசின் இழுக்காது, முனகி நின்றுவிடும். ஒழுங்கை மட்டும் அறுந்தால் இழுக்கும். நாலு வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நாலைந்து தரம் செய்திருக்கிறேன். எல்லாரும் வாழ்த்தினார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

நேற்றுக் காலை பூமணி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். தோசை சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள்.

"கந்தையா அண்ணை, உழுந்து ஊறி நுரைக்குது. இப்ப அரைக்காட்டி நாளைக்கு என்னைத்தான் அரைப்பினம்."

ஏழரைக்கு மிசின் போட்டேன். அவளுடைய கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. மனம் நிறைந்தது என்றே எழுத வேண்டும். கம்பி கட்ட இவ்வளவு வெள்ளென வருவார்கள் என்று நினைக்கவில்லை. மத்தியானம் ஆகும் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு முகப்பில் சத்தம். மனுசச் சத்தம் போல இல்லை.

மிசினை நிறுத்தினேன். நிறுத்தியது சரி. அதன்பிறகு வயரைக் கழற்றிச் சுருட்டி உமிக்குள் தள்ளினேன். மேலே உமி அள்ளிப் போட்டு மட்டப்படுத்தினேன். அவன் நிலத்தில் கிடக்க நான் உமி தடவிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

எழுதிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வானம் மப்பு. பூமணி தோசை கொண்டுவந்தாள். பத்து. சம்பலும்.

"நல்லகாலம் அண்ணை, உங்கட மிசின் இருந்தது. ஒரு சட்டி மா பழுதாகேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரீச்சர் செய்த வேலையைப் பாத்தியளே. கூரை முழுக்கத் தகடு அடிச்சுக் கந்தோருக்கே கரண்ட் விக்கிறா. ஆசை. இப்ப ஒரு பெடியனை விழுத்திப் போட்டா."

ரீச்சர் என்றால் சந்திரா ரீச்சர். மூன்றாவது வீடு. பென்சன் எடுத்து, தன் விறாந்தையில் பின்னேரம் எங்களுக்குப் படிப்பிக்கிறவா. நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் நரைத்த தலை. அவாவின் கூரையில் சோலார். வெளிச்சுவரில் அதற்கு ஒரு சுவிச், சிவப்பு எழுத்தில் பலகை. கம்பி அறுந்தால் சுவிச்சை இறக்கிவிடும்படி கந்தோர் சொல்லியிருந்ததாம். அன்றைக்கு அவா பஸ்ஸுக்கு அவசரத்தில் மறந்துவிட்டா. ஜெகன் விழுந்த பிறகு வந்து பார்த்த கந்தோர் ஆட்கள் கண்டது அதைத்தான். சீல் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரிக்க வருகிறார்கள்.

தோசையில் இரண்டு சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் பூமணி ஏன் என்று கேட்பாள். பா. தொடவில்லை. "எனக்குப் பசியில்லை" என்றா. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத ஆள்.

பின்னேரம் வகுப்பு. வந்தது மூன்று பேர்.

ரீச்சர் சொன்னா: "அந்தச் சோலார் கரண்ட் நிண்டால் தானா நிக்கும் எண்டு பூட்டினவை சொன்னவை. நிக்கேல்லைப் போல. திங்கக்கிழமை பிழையை ஒப்புக்கொண்டு எழுதிக் குடுக்கப் போறன். பிறகு தகட்டைக் கழட்டிப்போட்டு வவுனியாவுக்குத் தங்கச்சியிட்டைப் போறன்."

"அப்ப வகுப்பு?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஒரு ஆளைச் சாகக் குடுக்கப் பாத்த வீட்டுக்கு ஆர் படிக்க வரப்போகினம்?"

வாயைத் திறந்தேன். ரீச்சர் என்னைப் பார்த்தா.

"என்ன அண்ணை?"

"ஔவை எண்டதில ஔ எப்பிடி எழுதிறது?"

கரும்பலகையில் எழுதிக் காட்டினா. மூன்று தரம். பொறுமையாக.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டுவிட்டு. பா.வும் நானும் பஸ்ஸில் ஆசுபத்திரிக்கு. தோடம்பழம், பிஸ்கற்.

யன்னல் பக்கம் இருந்து வாசித்துக்கொண்டு போனேன். உரம் விற்பனைக்கு. சைக்கிள் திருத்துமிடம். புதுச் சேலைகள். கவனம் பாடசாலை. பஸ் போகும் வேகத்துக்கு வாசிக்கிறேன்! இத்தனை வருடம் இந்த ரோட்டால் போனேன், எல்லாப் பலகையும் ஊமையாய் நின்றன. இப்போது எல்லாம் என்னைக் கூப்பிடுகிறது. சிரிப்பு வந்துவிட்டது. பா. திரும்பிப் பார்த்தா. போவது எங்கே என்று அப்போதுதான் நினைவு வந்தது.

"உமி மூட்டையை நான் கிண்டமாட்டன்," என்றா பா., வெளியே பார்த்தபடி. "நீங்களே கிண்டுங்கோ."



ஜெகனுக்கு இடது கை தோள் வரை கட்டு. இடுப்பு எலும்பில் வெடிப்பு. பக்கத்தில் ரீச்சர் கொண்டுவந்த சூப்புப் போத்தல். தினமும் வருகிறாவாம். பா. தேத்தண்ணீர் வாங்கப் போன நேரம் அவன் மெல்லச் சொன்னான்.

"பெரியப்பா. உங்கட மிசின் சத்தம் எனக்குக் கேட்டது."

நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கந்தையா பெரியப்பாவின்ர மிசின்தானே, அவர் சுவிச்சை மாத்தாமல் போடமாட்டார் எண்டு ஏறினனான். சின்னனில எங்கட வீட்டில எரிஞ்ச முதல் லைற் உங்கட வயர்தானே."

"தம்பி, நான் போய்ச் சொல்லிவிடுறன்."

"வேண்டாம். கம்பியைச் சோதிக்காமல் தொட்டது என்ர பிழை. சத்தம் கேட்டும் ஏறினவன் எண்டு தெரிஞ்சால் என்னை வேலையில நிரந்தரமாக்க மாட்டினம். ரெண்டு பேரும் பேசாமல் இருப்பம்."

"ரீச்சர்?"

அவன் சூப்புப் போத்தலைப் பார்த்தான்.  பா. தேத்தண்ணீரோடு வந்துவிட்டா.

வரும்போது ஒரு பலகையும் வாசிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் கடிதம். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மத்தியானம் வரை. நாலு தாள் கிழித்தேன்.

முதல் தாளில் பூமணியின் உழுந்து வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் சண்டைக் காலம், ஏழு வீடு. என்னை நல்லவன் ஆக்கியது. கிழித்தேன். மூன்றாவதில் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அது வாசிக்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு அதையும் கிழித்தேன்.

நாலாவது மை பட்டுப் பழுது. ஐந்தாவது இது:

ஐயா, ரீச்சர் வீட்டுக் கரண்ட் இல்லை. என் வீட்டு மிசின். நான் கைப்பிடியை இறக்கவில்லை. மறதி இல்லை. தெரிந்தே இறக்கவில்லை. க. கந்தையா.

ஜெகன் பெயர் இல்லை. அவன் பிழை அவனுடையது.

முடித்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். வரி நேர். எழுத்து ஒரே அளவு. ஆசையாக இருந்தது. என்ன மனம் இது. ஒருவன் கை வெந்து கிடக்கிறான், நான் என் எழுத்தின் வடிவைப் பார்த்து மகிழ்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

காலை மழை, பத்துக்கு வெளித்தது. கந்தோரில் இருந்து இரண்டு பேர். பெரியவர் ரீச்சரின் விறாந்தையில் கதிரையில் இருந்தார். ஒழுங்கைச் சனம் முழுக்க வேலியோடு. பூமணி முன்னுக்கு. ரீச்சர் வெள்ளைச் சேலை. பேனையைத் திறந்துவிட்டா.

நான் உள்ளே போய்த் தாளை நீட்டினேன். மற்றக் கையில் வயர், உமி ஒட்டியபடி.

பெரியவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடியை வாகனத்தில விட்டிட்டன். நீங்களே வாசியுங்கோ ஐயா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். வாசித்தேன். என் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் போல. மறதி இல்லை என்பது வரை வந்துவிட்டேன். அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன்.

ரீச்சர், எழுத்துத் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, வழக்கம்போல எட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தா. "தெ... தெரிந்தே."

சொன்னபிறகுதான் அவாவுக்கு விளங்கியது.

"தெரிந்தே," என்றேன். மிச்சத்தையும் வாசித்தேன்.  பூமணி, "ஐயோ, என்ர மாவுக்கோ," என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

பெரியவர் வயரின் இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு எத்தினை வயசு?" சொன்னேன். "எத்தினை தரம் இப்பிடிச் செய்தனீங்கள்?" சொன்னேன். "மேல ஏறின ஆளுக்கு மிசின் ஓடினது தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது."

பொய். இந்தக் கொப்பிக்கு மட்டும் தெரியட்டும். உண்மை சொல்லப் போன இடத்திலும் ஒன்று சொன்னேன். சரியோ பிழையோ, ஜெகன் கேட்டான் என்று சாட்டுச் சொல்லமாட்டேன்.

ரீச்சரின் சோலாரைச் சோதித்தார்கள். அது தானாக நிற்கிறது. சீல் உடைத்தார்கள். என் கரண்டை வெட்டினார்கள். வழக்கு வருமோ தண்டமோ, கடிதத்தில் தெரியுமாம். திரும்பக் கரண்ட் தருவதென்றால் இரண்டு காரியம். ஒன்று, மாற்றுச் சுவிச்சை ரோட்டைப் பார்த்த மதிலில் பூட்ட வேண்டும், கம்பத்தில் ஏறுகிறவர் தன் பூட்டைப் போட்டுவிட்டு ஏறக்கூடியமாதிரி. இரண்டு, பக்கத்தில் பலகை.

ரீச்சர் பேனையை மூடிவிட்டு உள்ளே போனா. 

நவம்பர் 18, செவ்வாய்

பா. எனக்கு முன்னால் தட்டை வைத்தா. தானும் சாப்பிட்டா. வகுப்புக்கு ஏழு பேர் போவதை வேலியால் பார்த்தேன். நான் போகவில்லை.

நவம்பர் 19, புதன்

வெயில், காற்று இல்லை. சுவிச்சை மதிலில் மாற்றியாயிற்று. பலகைக்கு ஆள் பிடிக்கவில்லை. நானே. வெள்ளை அடித்த பலகை, சிவப்புப் பெயின்ற், சின்னத் தூரிகை. பெரியவர் சொன்ன வசனம்: இந்த வீட்டில் ஜெனரேற்றர் உண்டு. சுவிச்சைப் பூட்டாமல் கம்பத்தில் ஏற வேண்டாம்.

காலை முழுக்க எடுத்தது. எழுத்து இறங்கவில்லை, சரியவில்லை. மதிலில் சாத்திவிட்டு நின்றேன். போகிற வருகிற ஆட்கள் பார்த்தார்கள். ஏன் இந்தப் பலகை என்று எல்லாருக்கும் தெரியும். தலையை நிமிர்த்தவில்லை.

சைக்கிள் ஒன்று நின்றது. ரீச்சர். ஆசுபத்திரிக்குப் போகிறா, கூடையில் சூப்புப் போத்தல். இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு முழுவதையும் வாசித்தா. இரண்டு தரம் வாசித்தா என்று நினைக்கிறேன்.

"எழுத்துச் சின்னன்," என்றா. "ரோட்டில இருந்து தெரியாது. பெரிசா எழுதுங்கோ."

போய்விட்டா.

மண்ணெண்ணெய்த் துணியால் முழுவதையும் துடைத்தேன். தூரிகை போதாது. பா. சுவருக்கு வெள்ளையடிக்கிற பழைய மட்டைத் தூரிகையைத் தேடுகிறா. கிடைத்தால் இன்றைக்கே பெரிதாக எழுதுவேன்.