ஏலக்காய் எங்கே காய்க்கும்

11-3-1955, வெள்ளி

பள்ளிக்கூட ஓவியக் கண்காட்சிக்கு ஏலச்செடி வரைந்திருந்தேன். மலையில் பார்த்தபடியே, தூரில், மண்ணை ஒட்டிக் காய்கள். புதிதாக வந்த டிராயிங் மாஸ்டர் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார்.

"காய் தரையிலயா காய்க்கும்?"

இலை நுனியில் காய்களைத் தொங்கவிட்டு அவரே வேறு படம் வரைந்தார். அடியில் என் பெயரை எழுதிச் சுவரில் மாட்டினார்.

இன்று ஏலக்காய் வியாபாரிகள் வந்து பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள். தப்பென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் காயெடுத்தவர், என்னைப் பெற்ற அய்யா. அவரைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். தலையை மட்டும் தூக்கிப் படத்தைப் பார்த்தார்.

"வாத்தியார் சொன்னா சரியாத்தேன் இருக்கும், ஆத்தா. வெரசா வா, பஸ்சு போயிரும்."

காய் மேலேயே காய்த்திருந்தால் இந்த மனுஷனுக்கு முதுகு ஏன் இப்படிக் கூனியிருக்கிறது?