நாலாவது மாடியைப் பார்க்கிறவன்

நவம்பர் 4, திங்கள்

கீழ்வீட்டுக்காரி உம் ரிஃபாத்தின் கேஸ் சிலிண்டரைக் காணோம். காலியாகிவிட்டதென்று நேற்று கதவுக்கு வெளியே வைத்தாளாம், இன்று காலை பார்த்தால் இல்லை. கீழ்த்தளத்தில் அவள் ஆரம்பித்த ஒப்பாரி மதிய லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. புருஷன் மவுத்தானபோதுகூட அவள் இவ்வளவு நேரம் அழவில்லை.

மாலையில் கட்டடத்து ஆண்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். பாதுகாப்புக் குழு பிறந்தது. தலைவர் எங்கள் வீட்டுக்காரர் இவர்தான், வேறு யார்? வேலையில் இருந்த காலம் முழுக்கத் தேர்வறையில் உலாவி, பார்த்து எழுதுகிற பையன்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பிடிக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். துணைத்தலைவர் இரண்டாம் மாடி அபூ கைஸ்.

"இன்னைக்கு சிலிண்டர். நாளைக்கு?" என்று கேட்டார் இவர்.

"நாளைக்கு அடுப்பு" என்றேன், தேநீர்த் தட்டோடு நின்றபடி. ஒருவரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வாசலில் இரும்புக் கதவு வந்துவிட்டது. எண் அமுக்கினால்தான் திறக்கும். எங்கள் ஜபல் நுஸ்ஹா பகுதியிலேயே இப்படி ஒரு கதவு கிடையாதாம். இவர் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், ஜன்னலைச் சாத்திவிட்டு, எண்ணைக் காதில் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட இவர் என் காதில் இப்படி ரகசியம் பேசியதில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அந்த ரகசியம் இப்போது தண்ணீர் லாரிக்காரனுக்குத் தெரியும், கேஸ்காரனுக்குத் தெரியும், முட்டைக்காரிக்கும் தெரியும். உம் ரிஃபாத் தனக்கு மறந்து போகிறதென்று கதவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே கரியால் எழுதி வைத்திருக்கிறாள். இவருக்கு வந்த கோபத்தில் ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் எண்ணை மாற்றினார். தொழுதுவிட்டு வந்தால் புது எண் ஞாபகம் இல்லை. கட்டடத்து ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை ஜிப்பாவோடு தெருவில் நிற்கிறார்கள். இவர் எழுதி வைத்த துண்டுச்சீட்டைத் தேடியெடுத்து, நாலாம் மாடி பால்கனியிலிருந்து நான்தான் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

நவம்பர் 21, வியாழன்

சிலிண்டர் கிடைத்துவிட்டது. உம் ரிஃபாத்தின் தம்பி கேஸ் நிரப்பி வருகிறேன் என்று எடுத்துப்போய், சொல்ல மறந்து, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டானாம்.

அப்பாடா, குழுவைக் கலைப்பார்கள் என்று நினைத்தேன். அவசரக் கூட்டம் போட்டு, பாதுகாப்பை இரட்டிப்பாக்க முடிவு செய்திருக்கிறார்கள். "திருடன் வரலங்கறதுக்காக அசட்டையா இருந்துட முடியுமா?" என்கிறார் அபூ கைஸ்.

நவம்பர் 30, சனி

தோஹாவிலிருந்து மூத்தவன் நிஸார் கேமரா அனுப்பியிருக்கிறான். அப்பா கேட்டாராம், மகன் அனுப்பினானாம். முட்டிவலிக்குத் தைலம் கேட்டு நான் ரமலானிலிருந்து காத்திருக்கிறேன்.

கேமராவை வாசலில் மாட்டி எங்கள் டிவியில் இணைத்துவிட்டார்கள். என் சீரியல் போச்சு. சாயங்காலம் முழுக்கத் தெருப் பூனையைப் பார்த்தோம். இருட்டிலும் தெளிவாகத் தெரிகிறதே, அப்புறம் வாசலில் பல்பு எதற்கு வீணாக என்று இவரே ஏணி போட்டு அதைக் கழற்றிவிட்டார். சிக்கனமாம்.

டிசம்பர் 5, வியாழன்

"உம் நிஸார், இங்க வா. இவனப் பாரு." மூத்தவன் பிறந்த நாளிலிருந்து இவருக்கு நான் உம் நிஸார்தான், நிஸாரின் அம்மா.

எதிரே மூடிக்கிடக்கும் தையல்கடைக்குப் பக்கத்தில் ஒருவன். உயரமாக, கம்பளித் தொப்பியோடு. தலையைத் தூக்கி எங்கள் கட்டடத்தையே பார்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடுகிறான். நேற்றும் வந்தானாம், அதற்கு முந்தைய நாளும் வந்தானாம்.

"நாலாவது மாடியத்தான் பார்க்கிறான். நம்ம வீட்ட நோட்டம் விடுறான்."

இத்தனை நாள் கேலி பேசிய நானே எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். வளையல்களை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்று அவன் வரவில்லை. "திருடனுக்கும் வெள்ளிக்கிழமை லீவு போல" என்றார் இவர். ஏமாற்றம் முகத்திலேயே தெரிந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

அவன் படத்தைப் பெரிதாக அச்சடித்து லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார்கள். 'எச்சரிக்கை. இந்த ஆளைக் கண்டால் குழுவுக்குத் தகவல் தரவும்.' கீழே இவருடைய பெயரும் பதவியும், படத்தைவிடத் தெளிவாக.

மகள் தஹானி வேலை பார்க்கிற மருந்துக்கடையிலிருந்து வந்ததும் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மக்லூபா செய்திருந்தேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நல்ல மழை. தஹானி நனைந்து வந்தாள். தன் அறைக்குப் போகாமல் அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். டிவியில் அவன் நிற்கிறான். மழை கொட்டுகிறது, அவன் நகரவில்லை. இவர் போனில் அபூ கைஸிடம், "நனைஞ்சாலும் போக மாட்டேங்கறான். பெரிய கைதான்" என்கிறார்.

ஜன்னலைச் சாத்தலாமென்று தஹானியின் அறைக்குப் போனேன். இருட்டு. கீழே அவன் தெரிந்தான். இந்த ஜன்னலைத்தான் பார்க்கிறான். எங்கள் வீட்டை இல்லை, இந்த ஒரு ஜன்னலை. ஏன்? எதற்கு இத்தனை மழையில்? ஏதோ தோன்றி விளக்கைப் போட்டேன்.

போட்டதும் தலையைக் குனிந்தான். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை லீவு திருடனுக்கா, மருந்துக்கடைக்கா? அடிப்பாவி. என் வயித்துல பொறந்தவளே, இதுக்குத்தான் தலைவலியா?

டிசம்பர் 11, புதன்

இவர் அஸர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துப் போன் செய்து அவளைச் சீக்கிரம் வரச் சொன்னேன்.

"பேரென்ன?"

"யாரும்மா?"

"லிஃப்ட்ல ஒட்டியிருக்கே, அவன்."

முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். ஸுஹைப். ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு வருஷப் பழக்கமாம். இருட்டில் தனியாக வரக்கூடாதென்று தெருமுனை வரை கூட வருகிறானாம். அப்புறம் எதிரே நின்று, அவள் மேலே வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் போவானாம்.

"ரெண்டு வருஷமா! எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி? நான் என்ன, உங்கப்பாவோட குழுவா?"

"சொன்னா அப்பாகிட்ட போகும். வந்த மூணு பேரையும் கேள்வி கேட்டுக் கேட்டே ஓட வெச்சாரு. ஒருத்தர்கிட்ட எட்டாங்கிளாஸ்ல என்ன மார்க்குன்னு கேட்டாரும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரையும் ஓட வெச்சா, இனிமே நான் யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன். இதான் கடைசி."

இவள் சொன்னதைச் செய்கிறவள். முப்பத்தொன்று முடிந்துவிட்டது. நான் இருக்கும் வரை சரி. அதற்குப் பிறகு? யா ரப், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டிசம்பர் 12, வியாழன்

குழுக் கூட்டம். அபூ கைஸின் மகன்கள் இரண்டு பேரும் தடியோடு படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பார்களாம். சனிக்கிழமை அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, நாலு சாத்து சாத்தி, அப்புறம் போலீஸுக்குப் போன். தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

என்ன களவு? என்ன எடுத்தான் அவன், மழையில நின்னு ஜலதோஷத்தத் தவிர?

தஹானியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து அவன் இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. பெண் கேட்க அவன் அம்மா வரவேண்டும்.

டிசம்பர் 14, சனி

அவன் வரவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்று குழு வெற்றியைக் கொண்டாடியது. அபூ கைஸ் குனாஃபா இனிப்பு வாங்கி வந்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், என் காரணம் வேறு.

டிசம்பர் 17, செவ்வாய்

பெண் கேட்டு உம் ஸுஹைப் வந்தாள். காலையிலேயே லிஃப்டில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டேன். இரும்புக் கதவுக்கு வெளியே பாவம் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். மேலே வந்து மூச்சு வாங்க உட்கார்ந்ததும், "எல்லைப் பாலத்துச் சோதனையெல்லாம் தாண்டி நாப்லுஸ் போறதே இதைவிட லேசு, தங்கச்சி" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

அவள் போன சற்று நேரத்தில் லிஃப்டில் புதுப் படம். கிழித்தவன் திருடனுடைய கூட்டாளியாக இருக்க வேண்டும் என்று இவர் போனில் குழுவுக்கு எழுதியிருக்கிறார். கூட்டாளியான நான் மக்லூபாவுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

இவர் பையனைப் பற்றிப் பள்ளியில் விசாரித்தார், பள்ளிவாசலில் விசாரித்தார், ரொட்டிக்கடையில்கூட விசாரித்தார். "தங்கமான பையன், உம் நிஸார். வீணா தெருவுல நிக்கற பழக்கமே கிடையாதாம்." போட்டோ கேட்டார். ஆம்பளைக்கு என்ன அழகு பார்க்கறீங்க என்று அடக்கிவிட்டேன்.

இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஒரேயடியாக முறுக்கிக்கொள்வார். பேச்சு முடியட்டும், காபி குடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 27, வெள்ளி

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வரிசையாகக் கார்கள், கோட்டும் தலைத்துணியுமாகப் பெரிய மனிதர்கள். முன்னால் ஸுஹைபின் பெரியப்பா ஹாஜி தவ்ஃபீக். காலையில் லிஃப்டில் படத்தை நானே உரித்து அடுப்பில் போட்டேன். ஆனால் வெளியாட்கள் கூட்டமாக வருகிற நாள் என்று, கடமை தவறாத அபூ கைஸ் மத்தியானம் புதிதாக இன்னொன்று ஒட்டியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

பெண்கள் உள்ளறையில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். ஹாஜிக்கு முதல் கோப்பை போனது. வாங்கினார், குடிக்காமல் கீழே வைத்தார். அது வழக்கம்தான், பெண்ணைத் தந்தோம் என்ற சொல் வந்தால்தான் குடிப்பார்கள். வராவிட்டால் எழுந்து போய்விடுவார்கள், இரண்டு வீட்டுக்கும் காலத்துக்கும் தலைகுனிவு. ஆனால் அவர் ஜேபியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கோம், அபூ நிஸார். எங்க பையன் படத்த நீங்க லிஃப்ட்லயே மாட்டி வெச்சிருக்கீங்க. இது மரியாதையா, என்னன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

தஹானி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. போச்சு, எல்லாம் போச்சு. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நான்?

இவர் காகிதத்தைப் பார்த்தார். ஸுஹைபைப் பார்த்தார். "தம்பி, எழுந்து நில்லு. மேல பாரு."

அவன் எழுந்து கூரை விளக்கைப் பார்த்தான்.

"இவனேதான்" என்றார் இவர்.

"சரி, அவன் என்ன எடுத்தான்?" என்றார் ஹாஜி.

"எதுவும் எடுக்கல."

"யாரையாவது ஏதாவது சொன்னானா?"

"இல்ல. நின்னான். மேல பார்த்தான். போனான்." சொல்லச் சொல்ல இவர் குரல் இறங்கியது. பிறகு தேர்வறையில் கேட்கிற மாதிரியே கேட்டார்: "எதுக்குப்பா நின்ன?"

ஸுஹைப் தலை குனிந்துதான் பதில் சொன்னான். "உங்க வாசல்ல விளக்கு இல்ல, மாமா. அவங்க பத்திரமா மேல போய்ச் சேர்ந்துட்டாங்களான்னு தெரியணும். ரூம்ல லைட் எரிஞ்சதும் கிளம்பிடுவேன். வேற ஒண்ணும் இல்ல."

அத்தனை ஆண்களுக்கு முன்னால், கூட வந்தேன் என்று ஒத்துக்கொள்கிறான். இவர் முகம் சிவந்தது. எழுந்து வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"வாசல்ல இருந்த பல்ப யாருய்யா கழட்டினது?" என்று திரும்பி அபூ கைஸைக் கேட்டார்.

அபூ கைஸ் தொண்டையைச் செருமினார். "நீங்கதான், தலைவரே."

இவர் அந்தக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் ஜேபியில் வைத்துக்கொண்டார்.

"காபி ஆறிடும், ஹாஜி. குடிங்க. பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

உள்ளறையில் எல்லோரும் குலவையிட்டார்கள். நான் குலவையிடவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாணம் முடிந்து ஒன்பது நாள். தஹானி தப்ரபூரில், தன் வீட்டில். குழு கூடுவதில்லை. அபூ கைஸ்தான் எப்போதாவது வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.

டிவியை இவர் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். சீரியலில் யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், ஒன்றும் புரியவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. இவருக்கு என்ன வந்ததோ, எங்கள் தெரு ரொட்டி சரியில்லை என்று சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வாங்கி வருகிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

தஹானி போனில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் கட்டடத்துக் குழுவில் இன்று வந்ததாம். எதிர்ப்பக்க மரத்தடியில் ஒரு கிழவர், தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார், கையில் ரொட்டிப் பை. 'உஷார். இந்த ஆள் தினமும் மாலையில் வந்து மூன்றாம் மாடியை நோட்டம் விடுகிறார்.'

'உன் மருமகன் கீழ ஓடினாரும்மா, அதுக்குள்ள அப்பா கார எடுத்துட்டாரு' என்று எழுதியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, கடையில் ஒரே கூட்டம் என்றார். நான் படத்தைக் காட்டவில்லை. நாளைக்கு ரொட்டி வாங்க நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.