மிளகுத்தூளுக்கு ஒரு கூப்பன்

ஒக்டோபர் 15, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

பல்லேபொலவில் இருக்கும் என் தங்கை சுதா, தன் தோட்டத்து மிளகை அரைத்து இணையச் சந்தை ஒன்றில் விற்கிறாள். போன வாரம் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் நளினி டீச்சர் கேட்டார்.

"என்னங்க டீச்சர், தங்கச்சி கடையில ஒரு கூப்பன்கூட இல்லையே! அவ்வளவு கஞ்சமா?"

கூப்பனுக்கான விலைக்கழிவைச் சந்தையை நடத்துபவர்கள் கொடுப்பதில்லை, விற்பவள்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், தரகு வேறு பிடிப்பார்கள் என்று விளக்கினேன்.

"அதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க? கூப்பன் இருந்தா வாங்குவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று அவரே சுதாவின் மிளகுத்தூள் பக்கெட் ஒன்றை என் மேசையில் வைத்தார். "பாத்தீங்களா, தீபாவளிக் கூப்பன் வந்திருச்சு! இன்னும் ரெண்டு வேணும், தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க."

மாலையில் சுதாவை அழைத்தேன். முதலில் விலையை ஏற்றிவிட்டுத்தான் கூப்பன் போட்டாளாம். கழிவு போன பிறகும் நளினி கொடுத்தது பழைய விலையைவிட அதிகம்.

"இது ஏமாத்து இல்லையாடி?"

"நியாயமான விலை போட்டப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலக்கா. இப்ப அரைச்சு வச்சது பூரா போயிருச்சு. நான் என்ன செய்யட்டும்?"

விளக்கம் சொன்ன என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், பொய்யைக் கண்டதும் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்து அரைக்கும்போது நளினிக்கு இன்னும் இரண்டு பக்கெட் வேண்டுமென்று சுதாவிடம் சொல்லிவிட்டேன். கூப்பனோடுதான்.