செவ்வாய்க்கிழமைப் படகைப் பாடியவள்

மார்ச் 4, 2008

வெயில் நாற்பது. பள்ளி கேண்டீனில் பதினொரு மணிக்கே ஐஸ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். மெல்போர்னிலிருந்து ஃபெர்கஸ் என்று ஒருவர். யாருக்கும் நினைவில்லாத பழைய ஆஸ்திரேலிய ராக் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுகிறவராம்.

"நோரீன் பாஸ்கோ நீங்கதானே? வயாலா ஊர்ல டைடல்ஸ்னு ஒரு பாட்டுக் குழு இருந்துச்சே, அதுல பாடினவங்க?"

கல்யாணத்துக்கு முந்தைய என் பெயரை யாரோ சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம்!

1966இல் நாங்கள் போட்ட ஒரே தட்டு. இருநூறு பிரதி அச்சானது. இப்போது மூன்றுதான் இருப்பதாகத் தெரிகிறதாம். ஒன்று போர்ட் லிங்கனில், ஒரு கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடைத்ததாம்.

"முன் பக்கம் சுமார்தான். பின் பக்கம் இருக்கே, 'செவ்வாய்க்கிழமைப் படகு'... கார்ல கேட்டுக்கிட்டு வந்தேன். ஓட்ட முடியல. ஓரங்கட்டிட்டேங்க."

"நன்றி" என்றேன்.

ஏன் நன்றி சொன்னேன்?

மார்ச் 5

சரியான தூக்கம் இல்லை. வெயில் என்று பக்கத்தில் படுத்திருந்த டெஸ்ஸிடம் சொன்னேன்.

மார்ச் 8

டெஸ் மகளிடம் சொல்லிவிட்டார். டான்யா உள்ளே வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். "ஊர் முழுக்க சொல்லியாச்சும்மா! லைப்ரரில உன் பழைய போட்டோவை மாட்டப் போறாங்க. நீ என்னடான்னா உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்க!"

உரித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 11

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அந்தக் குரல் என்னுடையது அல்ல. க்ளெனிஸ் ட்ரெசைஸுடையது.

பதினேழு வயது எங்களுக்கு. ஒரே தெரு, ஒரே பள்ளி, அப்புறம் ஒரே துணிக்கடையில் வேலை. க்ளைவ் ஆரம்பித்த குழுவில் அவள் பாடினாள். நான் பக்கத்தில் நின்று 'ஊ' போட்டேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் அடிலெய்டு போய் இரண்டு பாட்டைப் பதிவு செய்தோம். அக்டோபரில் அவள் வயிறு தெரிய ஆரம்பித்தது. யார் என்று அவள் சொல்லவில்லை. அவள் அப்பா ஒரே வாரத்தில், கல்யாணமாகாத பெண்களை வைத்திருக்கும் விடுதி ஒன்றில் அவளைக் கொண்டுபோய் விட்டார். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. உண்மை எல்லோருக்கும் தெரியும்.

தட்டு அச்சாகும் நேரத்தில் க்ளைவ் என்னிடம் வந்தான். "அவ பேரைப் போட்டா இந்த ஊர்ல ஒரு கடை வாங்காது. உன் பேரைப் போட்டுக்கறேன். நீ சும்மா நின்னு போட்டோ எடுத்துக்க, போதும்."

நின்றேன்.

டவுன் ஹாலில் பாடச் சொன்னபோது தொண்டை கட்டிவிட்டது என்றேன். கிறிஸ்துமஸுக்குள் குழுவே கலைந்தது. விடுதியிலிருந்து க்ளெனிஸ் இரண்டு கடிதம் போட்டாள். இரண்டாவதில், "ஏன்டி எழுத மாட்டேங்கற? ரெக்கார்டு என்னாச்சு?" என்று கேட்டிருந்தாள். என்னவென்று எழுதுவது? எழுதவில்லை.

க்ளைவ் போன வருஷம் செத்துப்போனான். மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மார்ச் 12

அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

டெஸ்ஸிடம் சொன்னேன். பின்கட்டில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"நம்ம கல்யாணத்துல அந்த ரெக்கார்டைப் போட்டுத்தானே ஆடினோம்?"

"ஆமா."

"நாப்பது வருஷம் நோர். ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல."

திரும்பவும் சுரண்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுரண்டி முடித்த மீன்.

மார்ச் 17

ஃபெர்கஸிடம் சொன்னேன். "அவங்க எங்க இருக்காங்க?" என்றுதான் கேட்டார். தெரியாது என்றேன். "அவங்க சரின்னு சொல்லாம நான் இதை வெளியிட மாட்டேங்க. தேடுங்க. நானும் தேடறேன்." கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 20

டான்யா.

"லைப்ரரில போட்டோ மாட்டியாச்சு. இப்ப நான் போய், 'எங்கம்மா பாடல, கழட்டிக் குடுங்க'ன்னு நிக்கணுமா?"

"நானே போறேன்."

"நீ எங்கயும் போக வேணாம். யார்கிட்டயும் பேச வேணாம். இவ்ளோ நாள் பேசாமத்தானே இருந்த?"

கதவை அறைந்துவிட்டுப் போனாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

மார்ச் 23

ஈஸ்டர். யாரும் வரவில்லை.

மார்ச் 27

தேடவே வேண்டியிருக்கவில்லை. டெலிபோன் புத்தகத்தில் இருக்கிறாள். ட்ரெசைஸ், ஜி., போர்ட் பிரீ. காரில் இரண்டு மணி நேரம். கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கும், கிழக்கே எங்கேயோ போயிருப்பாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

போன் செய்து என் பெயரைச் சொன்னேன்.

"சனிக்கிழமை வா. காலைல. மத்தியானம் எனக்கு வேலை இருக்கு."

மார்ச் 29, சனி

டெஸ் வாசலில் இறக்கிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டார். என்னிடமிருந்த தட்டும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளேயரும் என் கையில்.

முடி வெள்ளை, ஒட்ட வெட்டியிருந்தாள். முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலையாம். டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை வேண்டுமா என்று கேட்கவில்லை. தட்டை மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தாள்.

"இது வெளிய வந்துச்சா?"

அவளுக்குத் தெரியவே தெரியாது.

"உன் பேரு போட்டிருக்கு."

"ஆமா."

"பாடினது நான்."

"ஆமா க்ளெனிஸ்."

"என் லெட்டர் வந்துச்சா?"

பொய் சொல்லத்தான் வாய் போனது. "ரெண்டும் வந்தது" என்றேன்.

"அந்த விடுதிக்காரங்க தபால்ல சேர்க்காம கிழிச்சுப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அவங்களைத்தான்டி திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தட்டைப் போடச் சொன்னாள். கரகரப்பு, கித்தார், பிறகு அவள் குரல். ஜன்னலைப் பார்த்து நின்றபடி கேட்டாள். முடிந்ததும், "என்னிக்குப் பாடினோம்?" என்றாள்.

"ஆகஸ்ட் பதினாலு."

விரல் விட்டு எண்ணினாள். "ஜனவரில பொறந்தான். மூஞ்சியைக் காட்டல. தலைகாணியை வச்சு மறைச்சுட்டாங்க. அழுத சத்தம் மட்டும் கேட்டேன்." பிறகு, "திரும்பப் போடு."

போட்டேன். இரண்டாவது சரணத்தில் கையைத் தூக்கினாள். "இங்க. கேளு." ஒரு வார்த்தைக்கு முன்னால் மூச்சு லேசாகத் தப்பி, பிறகு குரல் எழும்புகிறது. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் அதைக் கவனித்ததில்லை.

"அப்பத்தான் முதல் தடவையா அசைஞ்சான். மைக் முன்னாடி. யார்கிட்டயும் சொல்லல."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"சரி, கெளம்பு. ரெக்கார்டை வச்சுட்டுப் போ. பிளேயரையும்."

"பிளேயர் பக்கத்து வீட்டுக்காரரோடது."

"இருக்கட்டும்."

ஏப்ரல் 2

அவளே கூப்பிட்டாள். "என் முழுப் பேரைப் போடச் சொல்லு அந்த ஆளை. எழுத்துப் பிழை இல்லாம. அவன் பொறந்த காகிதத்துல இருக்கறது இந்தப் பேருதான். அதனாலதான் மாத்தாமயே இருந்துட்டேன்." தத்துக் கொடுத்த பிள்ளைகள் பற்றிய சட்டம் மாறி இருபது வருஷமாகிறதாம். இவள் பெயரைப் பதிந்து வைத்தால், அவன் என்றைக்காவது தேடி வரும்போது சொல்வார்களாம். "நான் பதியல. எதைச் சொல்லிப் பதியறது? என்கிட்ட அவனோடது ஒண்ணுமே இல்லையே."

இல்லை என்றுதான் சொன்னாள். பிறகு போனை வைக்காமல் இருந்தாள். நானும் வைக்கவில்லை.

மே 10

லைப்ரரிக்கு நானே போய்ப் படத்தை வாங்கி வந்தேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 22

பார்சல் வந்தது. பெரிய தட்டு, பதினாறு பாட்டு, எல்லாம் காணாமல் போயிருந்த குழுக்கள். பின்னட்டையில்: பாடியவர் க்ளெனிஸ் ட்ரெசைஸ். என் பெயர் எங்கும் இல்லை. 'ஊ' போட்டவளை யார் போடுவார்கள்? நல்லதுதான்.

கொஞ்சம் வலித்தது. இதிலுமா பொய் சொல்ல வேண்டும்?

டான்யா இன்னும் அப்பாவிடம்தான் பேசுகிறாள். என்னைப் பற்றிக் கேட்டாளாம்.

ஆகஸ்ட் 13

க்ளெனிஸுடன் அடிலெய்டு போனேன். கூட வா என்று சொல்லவில்லை. எத்தனை மணி பஸ் என்று மட்டும் சொன்னாள்.

தத்துப் போன பிள்ளைகளின் விவரம் வைத்திருக்கும் அலுவலகம். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம், தேடி வருபவருக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று. தட்டின் பெயரை எழுதினாள். 'இதைப் பாடும்போது நீ என்னோடு இருந்தாய். இரண்டாவது சரணத்தைக் கேள்' என்று எழுதினாள். அதன் கீழே தன் முகவரி.

பேனாவை மூடப்போனவள் நிறுத்தி, என் போன் நம்பரைக் கேட்டாள். சொன்னேன். அதையும் எழுதினாள்:

'நான் இல்லாவிட்டால் இந்த நம்பரில் நோரீன் என்று ஒருத்தி இருப்பாள். அவளிடம் கேள். பதில் சொல்வாள்.'