வலப்பக்கம் ஏறிய குதிரை

1956 நவம்பர் 4, ஞாயிறு
மொழிவாரி ராஜ்யம் பிரித்து நாலு நாள். எங்கள் ஊர் மத்திகிரி மைசூருக்குப் போகவில்லை, சென்னை ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல மருமகள் கிருபாராணி எழுதுகிறாள்.
இடது கால் முட்டிக்குக் கீழே பஸ்ரா சண்டையில் போய் நாற்பத்தொரு வருஷம். அன்று இறங்கியவன் குதிரை ஏறவேயில்லை. கண் மூடுவதற்குள் ஒரு தரம் ஏற வேண்டும். மூட்டை மாதிரி யாரும் தூக்கி வைக்கக் கூடாது. நானாக.
"கோயிலுக்கு நடக்கச் சொன்னா கால் வலிக்குது. குதிரைன்னா வலிக்காதுங்களா மாமா?"
இதையும் எழுதிவிட்டாள்.

நவம்பர் 11
ஜட்காக்கார திம்மப்பனுடைய சிட்டுக் குதிரைக்கு ஞாயிறு ஓய்வு. சேணம் போட்டு நிறுத்தினான். குதிரைக்காரன் எவனும் இடது காலை ஊன்றி இடப்பக்கம்தான் ஏறுவான். நானும் பழக்கத்தில் அங்கேயே போய், சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் அங்கவடிக்குக் காலைத் தூக்கினேன் — எந்தக் காலை?
"அண்ணா, காலு எங்க?"
"பஸ்ராவுல இருக்குது. போயி எடுத்துட்டு வா."
வலப்பக்கம் போனேன். சிட்டு மிரண்டு விலகியது. நான் சாணியில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 18
இன்றும் விலகியது. அந்தப் பக்கம் ஆள் ஏறி அது பார்த்ததேயில்லை. அதன் மேல் என்ன தப்பு?

டிசம்பர் 9
மூன்று வாரமாகக் கொள்ளு வைப்பது, உடம்பு தேய்ப்பது, கழுத்தில் சாய்வது எல்லாம் வலப்பக்கம் நின்றுதான். இன்று சேணத்தில் கை ஊன்றித் தொங்கினேன். நகரவில்லை.
"இப்ப நான் இடப்பக்கம் வந்தா மொறைக்குது அண்ணா. என் குதிரையா, உன் குதிரையா?"
அவனுக்குப் பொறாமை.

1957 ஜனவரி 13
ஏறிவிட்டேன்! கிணற்றுக் கல்மேல் நின்று, வலது காலை அங்கவடியில் வைத்து, மொட்டைக் காலை வீசிப் போட்டேன். சரிந்தேன், பிடரியைப் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தோம்.
"அழுதீங்கன்னு எழுதட்டுங்களா மாமா?"
வெயில் என்று எழுது, பிள்ளை.

1958 ஆகஸ்ட் 17
என்னோடு பட்டாளத்தில் இருந்த திம்மராயன் செத்துப்போனான். அவனுக்குத் தளிப் பக்கம், பஸ் போகாத ஊர். முன்னெல்லாம் சாவுச் சேதி வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து அழுவேன். இன்று சிட்டுமேல் போனேன். காடு மேடெல்லாம் பாடைக்குப் பின்னாலேயே போய், குழியில் ஒரு பிடி மண் போட்டேன்.
திரும்பி வந்ததும் கிருபாராணி கேட்டாள், இங்கிருந்து குதிரைப் பட்டாளத்துக்கு எத்தனை பேர் போனீர்கள் என்று. நாலு பேர். முனிராஜ் அங்கேயே செத்தான். சென்னகிருஷ்ணன் காலராவில். இப்போது திம்மராயன்.
"இருக்கிறவர் பேரு?"
ஜெபராஜ் என்று என் பேரை எழுதச் சொன்னேன்.